கருமந்திகளுக்குச் சொன்ன இடம்

கீழ்ச்சோலையும் வெட்டுப்பட்ட பிறகு வந்த திங்கட்கிழமை காலை, கருமந்திகள் தங்கள் பழைய சரிவுக்குத் திரும்பி வந்து, அங்கே இல்லாத மரங்களில் ஏறி உட்கார்ந்தன. நான் அப்போது தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முனியசாமி ஒரு துண்டைப் பிய்த்து, மிளகாய் இடித்த கட்டச்சம்பலில் தொட்டு வாயருகே கொண்டுபோனவர், சரிவைப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். எங்கள் வீட்டில் ஒழுங்காக நடந்த கடைசிச் சாப்பாடு அதுதான். அதுவும் பாதியில் நின்றது.

குன்னூரிலிருந்து பர்லியாருக்கு இறங்கும் ரோட்டுக்கு மேலே இருந்தது எஸ்டேட். நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். கப்பலேற்றியபோது இந்தியாவில் உங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்றார்கள். வந்து பார்த்தால் வீட்டுக்கு எண் இருந்தது, வீடு இல்லை. முனியசாமிக்குக் கோடாரி பிடிக்கத் தெரியும் என்பதால் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக எஸ்டேட்டில் எடுத்துக்கொண்டார்கள். தேயிலை நடுவதற்காக மேல்சரிவுச் சோலையை வெட்ட வேண்டியிருந்தது. சோலை, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் மாதிரிதான், அடுக்கடுக்காகக் குடியிருப்பு. உச்சியில் கருமந்திகள், நடுக்கிளைகளில் கூடு கட்டி மலையணில்கள், பொந்துகளில் மரநாய், கீழே சருகுக்குள் முயல் அளவேயான சருகுமான், ஓரத்தில் நாயைப் போலக் குரைக்கும் கேளையாடு, மரமும் புல்லும் சேருமிடத்தில் காட்டெருமைகள், ஓடையில் நீர்நாய். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போய் உட்காராது.

முனியசாமியின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெட்டுக்கு முதல் நாள் கோடாரியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டி, அடியில் ஒரு கை உப்பு வைத்து, குடியிருப்பவர்களை மாறிப்போகச் சொல்வார்கள். ஆனால் போக இடம் சொல்லாமல் போகச் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவனுக்குக் கடைசியில் இருக்க இடம் இருக்காது என்பது பேச்சு. ஆகவே அவர் சூப்பர்வைசர் வெள்ளியங்கிரியிடம் எந்த இடத்தைச் சொல்வது என்று கேட்டார். வெள்ளியங்கிரி காரமடைப் பக்கத்து ஆள், நல்ல வாய், எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். பங்களாவுக்குப் போய் மேனேஜர் துரையைக் கேட்டு வந்து சொன்னார்.

“ஓடப்பக்கம் கீழ்ச்சோலையத் தொடவே மாட்டாங்களாமுங்க. தண்ணிக்கு வேணுமாம். தைரியமாச் சொல்லுங்க மேஸ்திரி.”

முனியசாமி சொன்னார். அந்த வாரத்திலேயே மேல்சோலை காலியானது. காட்டெருமைகள் வரிசையாக ரோட்டைக் கடந்தபோது மேட்டுப்பாளையம் பஸ் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்த பிறகும் வரிசை முடியவில்லை. மலையணில்கள் கூட்டுச் சுள்ளிகளை வாயில் கவ்விக்கொண்டு போயின. சருகுமான் ஒன்று குட்டியோடு எங்கள் லயத்து வாசல் வழியாகவே நடந்தது. நாய்கள் எழுந்திருக்கவில்லை. மறுவாரம் மரங்கள் விழுந்தபோது ஒரு குட்டிக்கும் அடிபடவில்லை. சாகும்வரை அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. மேல்சரிவில் தேயிலை முழங்கால் அளவு வந்தது. மூன்றாவது மழைக்கு முன்னால் வெளியிலிருந்து மெஷின் வாளோடு ஆட்கள் லாரியில் வந்து, தட்டாமல், உப்பு வைக்காமல், கீழ்ச்சோலையை வெட்டித் தள்ளினார்கள். முனியசாமி ஆபீசுக்குப் போய் நின்றார். வெள்ளியங்கிரி சிரித்துக்கொண்டே, “ஏனுங்க மேஸ்திரி, கொரங்குக்குக் குடுத்த வாக்குக்கு எங்கீங்க ஸ்டாம்பு ஒட்டறது?” என்று கேட்டார். ஆபீசில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. மந்திகள் அடிமரம் இருந்த இடத்தில் கைவைத்து, கிளை இருந்த இடத்தில் திரும்பி, உச்சி இருந்த உயரத்தில் போய் உட்கார்ந்தன. அவற்றுக்குக் கீழே, பாதி உயரத்தில், மலையணில்கள் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தன. சருகுமான் ஓடும்போது தேயிலைக்கடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. கேளையாடு பழைய ஓரத்தில் நின்று குரைத்தது. நிழலும் திரும்பி வந்துவிட்டதால் கொழுந்து எடுக்கப் போகும் நாங்கள் மதியத்தில் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டோம். ஊட்டியிலிருந்து ஒரு அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து, கருமந்தி இருக்க வேண்டிய உயரம் இதுதான், சரியாகத்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்டு ஆட்களில் ஒருவரான செலஸ்டின், “அதுகளுக்கு விசுவாசம் இருக்கு, அதான் விழல. நம்ம ஏறினா நேரா ஆஸ்பத்திரிதான்” என்பார். கொஞ்ச நாளில் அதைப் பற்றிப் பேசுவதே நின்றது.

ஆனால் முனியசாமி சரிவில் கால் வைத்தால் சத்தம் அடங்கிவிடும். உச்சியில் இருக்கும் கிழ ஆண்மந்தி முதலில் திரும்பி உட்காரும், பிறகு ஒவ்வொன்றாக எல்லா மந்திகளும் முதுகு காட்டும். மலையணிலும் திரும்பிக்கொள்ளும். எனக்குக் காட்டாது, செலஸ்டினுக்குக் காட்டாது. அவருக்கு மட்டும். அவர் நின்று பார்ப்பார், பிறகு வேறு வழியாகச் சுற்றி வேலைக்குப் போவார். ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, நான் பொய் சொல்லவில்லை என்று அதுகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். குரங்குதானே, விடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கப்பலில் நம்மை ஏற்றியவனும் நம்மைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பான் என்றார்.

அவர் வெள்ளியங்கிரியிடம் கேட்டது ஒன்றுதான். “ஒரே ஒருக்கா எங்கூட வந்து நில்லுங்கய்யா. இது என் சொந்த வாக்கு இல்ல, உங்ககிட்ட வாங்கிச் சொன்னதுன்னு அதுக காதுல விழச் சொல்லிடுங்க. போதும்.” வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. இவர் தோளில் கை போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டிப்பாக வருவதாகச் சொன்னார். துரையையும் கூட்டி வரப் பார்ப்பதாகச் சொன்னார். முனியசாமி சனிக்கிழமையே முடி வெட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சரிவின் அடியில் காத்திருந்தார். துரையின் ஜீப் கண்ணாடி ஏற்றியபடி கீழே போனது. மத்தியானம் டவுனிலிருந்து வந்த ஒருவர், வெள்ளியங்கிரியை மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்ததாகச் சொன்னார். முனியசாமி வீட்டுக்கு வந்து ஒரு கை உப்பை வாழையிலைக் கிழிசலில் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். நானும் செலஸ்டினும் பின்னாலேயே போனோம். அவர் பெரிய நாவல் மரம் இருந்த இடத்தில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, ஏறத் தொடங்கினார். அவர் கையால் வெட்டிய மரம் அது. எந்த முண்டில் கால் வைக்கலாம் என்று அவருக்குத் தெரியும். “பாத்து” என்றேன். “கீழ நிக்காத புள்ள, சுள்ளி விழும்” என்றார். என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். சுள்ளி விழத்தான் செய்தது.

கிழமந்தி இருந்த கிளைவரை ஏறி, அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்பது கீழே கேட்கவில்லை. பிறகு இலையைப் பிரித்துக் கையை நீட்டினார். மந்தி திரும்பியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையிலிருந்து உப்பை எடுத்து நக்கியது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பின. சரிவு முழுக்க ஒரே சத்தம். செலஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது முறியும் சத்தம் கேட்டது. வெட்டுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். செலஸ்டின் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு விலகினார். மரம் ஓடைப்பக்கம் சாய வேண்டும் என்று முனியசாமி அதை வெட்டிய நாளில் அந்தப் பக்கத்து அடியில் வாய்வெட்டுப் போட்டிருந்தார். ஓடைப்பக்கமே சாய்ந்தது, அன்றைக்குச் சாய்ந்த அதே நிதானத்தில். மந்திகள் பக்கத்து மரத்துக்குத் தாவிவிட்டன. அவருக்குத் தாவத் தெரியாது.

நாங்கள் ஓடிப்போனபோது தேயிலைச் செடிகள் அடிமர அகலத்துக்கு ஓடைப்பக்கமாக நசுங்கிக் கிடந்தன. நசுங்கிய செடிகளை எஸ்டேட் ஒப்புக்கொண்டது, மரத்தை ஒப்புக்கொள்ளவில்லை. துக்கம் கேட்க வந்த வெள்ளியங்கிரி வாசலிலேயே நின்று, “ஏனுங்க அக்கா, இல்லாத மரத்துல இருந்து உழுந்தவருக்கு எஸ்டேட்டு என்னங்க பண்ணும்?” என்றார்.

“இருந்த சோலையவே இல்லன்னு ஆக்கினீங்க தம்பி,” என்றேன். “மரத்த இல்லங்கிறது உங்களுக்குப் பெரிசா?”

அவர் போகும் வழியில் சரிவைக் கடந்தபோது மந்திகள் அவருக்கு முதுகு காட்டின. அவர் சோலூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போனார். அங்கேயும் காட்டுவதாகக் கேள்வி. அந்தத் துரைக்குப் பிறகு நாலைந்து பேர் வந்து போய்விட்டார்கள். ஜீப் கடக்கும்போதெல்லாம் உச்சியில் ஒரே முதுகுகளாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு, இந்தப் பக்கத்து மந்திகளின் பழக்கம் இது என்று ஆபீசிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நாவல் விழுந்த நீளத்துக்குச் செடி மறுபடி நட்டுப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. விட்டுவிட்டார்கள். கொழுந்து எடுக்கப் போகும்போது அந்த இடம் வந்தால் முன்னால் போகிறவள் காலைத் தூக்கித் தாண்டி வைப்பாள். பின்னால் வருகிறவளும் அப்படியே வைப்பாள், ஏன் என்று கேட்க மாட்டாள். நானும் கூடையை ஒரு கையால் பிடித்து, சேலையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் தாண்டுகிறேன். பெரிய மரம், நன்றாகவே தூக்க வேண்டியிருக்கிறது.