புல்லுருவி சுட்ட திசை

ஒரு விதை, ஒரே ஒரு விதை வந்து ஒட்டினால் போதும், வெர்லாவின் பைன் மரம் போய்விடும். ரம்பத்துக்கு ஆர்லோ பெட்ரோல்கூட ஊற்றி வைத்துவிட்டான்.

மொன்டானா மலைச்சரிவில் இருவரும் முப்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஏழு வருஷம் முன்பு வந்த காட்டுத்தீ ஆர்லோவின் பக்கத்தை மொட்டையடித்துவிட்டது. வேலியோரம் நின்ற பெரிய பைன் மட்டும் தப்பியது. அதன் பெருமையை ஆரம்பித்தால் அவன் லேசில் நிறுத்தமாட்டான். அதைச் சுற்றி இருநூறு கன்று நட்டுப் பிள்ளைபோல வளர்த்தான். இந்தக் கோடையில் கன்றுகளில் புல்லுருவி முளைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். வெர்லாவின் மரத்தில் புல்லுருவி பிடித்த கிளைகள் துடைப்பக்கட்டு மாதிரி சடைசடையாகத் தொங்கின. அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்தச் சடை ஒன்றில்தான் ஐந்து வருஷமாக ஒரு சாம்பல் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வந்து தனியாகச் சாப்பிடுகிற வெர்லாவுக்கு அது வசந்தத்தில் திரும்பி வரும் நாள்தான் திருநாள். ஆந்தைக் கிளையை விட்டு மற்றதைக் கழித்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"கிளைய வெட்டுனா நோய் போயிருமா? மரத்தோட சாய்ச்சாத்தான் தீரும்" என்றான் ஆர்லோ.

அப்படித்தான் பந்தயம் வந்தது. செப்டம்பர் வெயிலில் புல்லுருவிக் காய் வெடித்து விதையைக் குண்டுபோல வீசும். விதை முழுக்கப் பசை, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலி நெடுக வெள்ளை விரிப்புகளைக் கட்டினார்கள். கெடு மூன்று நாள்.

"விதை எந்த மரத்துலேர்ந்து வருதோ அந்த மரம் விழணும். பேச்சு மாறக் கூடாது" என்றான். வெர்லா தலையாட்டினாள்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், விரிப்புக்கு இந்தப் பக்கம் வெர்லா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஆர்லோவின் குரல் வந்தது.

"என்ன வெர்லா, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறியா?"

டிக்.

வெர்லா துள்ளி எழுந்தாள். ஆர்லோ தொப்பி பறக்க வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். இருவரும் விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். சுத்தமாக இருந்தது. மறுபடி டிக். இந்தத் தடவை வெர்லா கண்ணால் பார்த்தாள். விரிப்பு அவள் பக்கமாகப் புடைத்து அடங்கியது.

அவள் குனிந்தாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். அந்தப் பக்கத்தில் இரண்டு விதைகள் பளபளவென்று ஒட்டியிருந்தன.

ஆர்லோ நம்பவில்லை. தன் பக்கம் திரும்பிப்போய் விதையில் மூக்கு உரச நின்றான். அப்போது பிடரியில் ஒன்று விழுந்தது. கொசு என்று பட்டென அடித்தான். கையை எடுத்தால் விரலுக்கும் கழுத்துக்கும் நடுவே பசை நூலாக இழுத்தது. மெதுவாக அண்ணாந்தான். தீக்குத் தப்பிய அவன் செல்ல மரத்தின் உச்சிக் கிளைகளில் புல்லுருவி கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்தது.

வெர்லாவின் மரத்தை ஏணி வைத்துப் பார்த்தார்கள். ஒரு காய் இல்லை. அங்கே இருந்தது அத்தனையும் காய்க்காத ஆண் புல்லுருவி.

வெர்லாவுக்கு ஒரு குதி குதிக்கலாம்போல இருந்தது. குதித்தும் விட்டாள். ஆனால் ஆர்லோ ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு தன் மரத்தடிக்குப் போனான். கயிற்றை இழுத்தான். ரம்பம் கிளம்பவில்லை. இரண்டாம் தடவை இழுப்பதற்குள் வெர்லா வேலியைத் தாண்டி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உச்சிக் கிளைய மட்டும் கழி, போதும்."

"மரத்தோட சாய்க்கணும்னு நாந்தானே சொன்னேன்."

"அது என் மரத்துக்குச் சொன்னது" என்று வெர்லா ஏணியை எடுக்கப் போனாள்.