மூன்றாம் முடிச்சுக்கு ஒரு டிரைவர்

எங்கள் ஊரில் எந்த விசேஷமும் அதைப் படம் பிடித்த மெமரி கார்டு படிக்கப்படும் வரை முடிவதில்லை. காதுகுத்து என்றால் கார்டைப் படிக்கும் வரை குழந்தை அழுதுகொண்டே இருக்கும். கிரகப்பிரவேசம் என்றால் பால் பொங்கி வழிந்துகொண்டே இருக்கும். அதனால் கடைசிப் பந்தி எழுந்த கையோடு எல்லோரும் கார்டை நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மாடியில் கடைசி அறைதான் கார்டு பிரிவு. அங்கே பதினாறு வருடமாக நான் டிரைவர் எழுதுகிறேன்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கார்டுகளின் பேச்சு புரியாது. கார்டுகளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பிடிக்காது. கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் நின்று, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சொல்லி இரண்டையும் சேர்த்துவைக்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். ஊரில் விற்கிற கார்டுகளுக்கெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். புது ரகம் வந்தால் புதிதாக எழுத வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைத்துப் பழக்கமில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் வேல்ச்சாமியின் கல்யாணம் படியேறி வந்தது. முன்னால் மாப்பிள்ளை வேல்ச்சாமி, அவன் பக்கத்தில் மணப்பெண் அமுதவல்லி, இருவரும் மாலையோடு. அமுதவல்லியின் முதுகை ஒட்டியபடி வேல்ச்சாமியின் தங்கை காளீஸ்வரி. அவள் இரண்டு கைகளிலும் தாலிக்கயிற்றின் இரண்டு முனைகள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டான். இரண்டாவதை அவள் போட்டாள். மூன்றாவது பாதியில் நிற்கிறது. நாத்தனார் முடிச்சு முடியாமல் அவள் விரல்கள் திறக்காது. மூன்று பேரும் ஒன்றாகத்தான் திரும்ப முடியும் என்பதால், படியின் வளைவில் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வீடியோ எடுத்த சகாயம், தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்று, கார்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே கேமராவிலிருந்து அதை உருவிவிட்டார்.

"லைட்டு அணைஞ்ச மாதிரிதான் மேடம் இருந்துச்சு," என்றார்.

"அணைஞ்ச மாதிரி இருக்கறது வேற, அணைஞ்சது வேற. ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்க மாட்டீங்களா?"

"சொல்லணும்தான் மேடம். சாம்பார் ஆறிரும்னாங்க."

கார்டை வாங்கிப் பார்த்தேன். கறுப்பு, ஓரத்தில் பச்சைக் கோடு. நான் பார்க்காத ரகம். எழுத வேண்டியதுதான் என்று சொல்லி மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னேன். காளீஸ்வரிக்கு நாற்காலி உதவவில்லை. உட்கார்ந்தால் கயிறு மணப்பெண்ணின் கழுத்தை இழுத்தது. உயரமான ஸ்டூல் ஒன்றைப் பிறப்புச் சான்றிதழ் பிரிவிலிருந்து வாங்கி வந்தோம்.

"எப்ப முடியும்க்கா?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"அவசரமா?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வேலையில சேரணும். ஆஸ்பத்திரி லேப்புல. பத்து மணின்னு ஆர்டர்லயே போட்டிருக்கு. தாண்டிட்டா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க."

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஒரு மணி நேரம். படிப்பை முடித்து நாலு வருடம் காத்திருந்து வந்த வேலை என்று அமுதவல்லி திரும்பாமலேயே சொன்னாள். திரும்ப முடியாது. அந்த ஆர்டர் காளீஸ்வரியின் தோள்பையில் இருந்தது. பையை ஸ்டூலுக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

கார்டோடு பேசுவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. எடுத்தவுடன் பேசக் கூடாது. மின்சாரம் கொடுத்து, கணினியின் கடிகாரத்தை எழுபத்துநான்கு முறை தட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது போல. அப்புறம், இந்த அளவு மின்சாரம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்க வேண்டும். ஒத்துக்கொண்டால்தான் "தயாரா?" என்ற கேள்வி. கார்டு தயாராக இல்லையென்றால், பதில் சொல்வதற்கென்று இருக்கிற கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேலையாக இருக்கிறேன் என்று அர்த்தம். மறுபடி கேட்க வேண்டும். இந்தக் கார்டு தண்ணீர் குடித்தது, ஒத்துக்கொள்கிறது என்றது, தயாரா என்று கேட்டதும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

ஒரு விநாடி கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் கார்டு செத்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. பிரிவின் தலைவர் நல்லபெருமாள் சார் அதற்கான படிவத்தோடு வந்து நின்றார்.

"ரூலு அதானம்மா," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. நல்ல மனிதர்.

செத்த கார்டில் இருக்கும் விசேஷம் கலைந்துவிடும். காளீஸ்வரியின் கை விடுபட்டுவிடும். ஆனால் போட்ட இரண்டு முடிச்சும் அவிழ்ந்துவிடும், வேல்ச்சாமிக்கும் அமுதவல்லிக்கும் கல்யாணம் என்ற ஒன்று மறுபடி நடக்காது. அது அந்தக் கார்டோடு போய்விடும். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போடுங்க சார்," என்றான் வேல்ச்சாமி. "தங்கச்சி வேலை போயிரும்."

"ஆமா சார், போட்டுருங்க," என்றாள் அமுதவல்லி. சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

"யாரும் ஒண்ணும் போட வேணாம்," என்றாள் காளீஸ்வரி. "ஏழு வருசமா ரெண்டு வீட்டுலயும் சண்ட போட்டுச் சேந்திருக்கீங்க. ஒரு முடிச்சு, அத நான் பிடிச்சுக்கிறேன். மதினி, நீங்க ஆடாம இருங்க. அக்கா, நீங்க எழுதுங்க."

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று. நல்லபெருமாள் சாருக்கும் பிடித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முதல் டிரைவரை எழுதி முடித்தேன். தயாரா, தயாரா என்று மூச்சுவிடாமல் கேட்கிற டிரைவர். எங்கள் ஊருக்கு ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம்தான். அது இதையே கேட்டுக்கொண்டிருந்ததால் வேறு எதையும் கவனிக்கவில்லை. குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் குழாய்க்கும் குடத்துக்கும் நடுவில் நின்றது. சலூனில் பாதி முகம் சவரம் செய்தவர்கள் கிளம்பி வந்து, மாடிப்படியில் சோப்பு நுரையோடு நின்று என்னை முறைத்தார்கள். நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை இரண்டாவதை எழுதினேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்டுவிட்டு இடையில் தூங்கப் போகிற டிரைவர். தண்ணீர் விழுந்தது, சவரம் முடிந்தது. கார்டு மட்டும் கம்பியை விடவில்லை. வெள்ளிக்கிழமையும் விடவில்லை.

இதற்குள் அலுவலகம் கல்யாண வீடாகிவிட்டது. விருந்தாளிகள் வராந்தாவில் இருந்தார்கள். சாப்பிட்டு மூன்று நாளாகியும் யாருக்கும் ஏப்பம் வரவில்லை. காளீஸ்வரிக்கு அமுதவல்லியின் அம்மா ஊட்டிவிட்டார். சகாயம் விசிறிவிட்டார். அவளுடைய சித்தி ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "கை வலிக்குதாத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாசமான அம்மாள். அவர் விட்டால் மாமா ஒருவர் கேட்பார். அவர் விட்டால் நான் கேட்பேன்.

சனிக்கிழமை மதியம்தான் பார்த்தேன். சித்தி கேட்டதும் காளீஸ்வரி முகத்தைத் திருப்பி, "இல்ல சித்தி," என்றாள். திரும்பியபோது கயிறு தளர்ந்தது. மறுபடி முனைகளைச் சரிசெய்து, முறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கொண்டுவந்தாள். வளையத்துக்குள் நுழைக்கப் போகும் நேரத்தில் மாமா, "காபி சாப்பிடுறியாம்மா?" என்றார். கயிறு தளர்ந்தது.

"காளீஸ்வரி," என்றேன், "இப்படி எத்தன தடவ ஆச்சு?"

"புதன்கிழமைல இருந்து இதான்க்கா. பாசத்துல கேக்குறாங்க, என்ன சொல்ல? அஞ்சு நிமிசம் யாரும் ஒண்ணும் கேக்காம இருந்தாப் போதும்."

நான் என் இடத்துக்குப் போய்க் கம்பியின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்திருந்த தாளை விரித்துப் பார்த்தேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. நான் ஒவ்வொரு முறை தயாரா என்று கேட்டபோதும் கார்டு கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, "வேலையாக இருக்கிறேன்" என்று பதில் சொல்லியிருந்தது. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. பதினாறு வருடமாக மரியாதை, மரியாதை என்று பேசுகிறவள் மூன்று நாளாக ஒரு கார்டை வேலை செய்ய விடாமல் நச்சரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மூன்றாவது டிரைவரில் கேள்வியே இல்லை. மின்சாரம் கொடுக்கும், கடிகாரத்தைத் தட்டும், பிறகு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். கார்டு தானாகக் கம்பியை விட்டால் எழுந்து வரும். இவ்வளவு சின்ன டிரைவரை நான் எழுதியதே இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் அதைச் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டது. அப்புறம் வராந்தாவுக்குப் போய், இனி யாரும் காளீஸ்வரியிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று சொன்னேன். சித்தி அழுதார். கேட்காமல் எப்படி இருப்பது என்றார். வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும். கம்பி கீழேயே இருந்தது. ஆனால் அதன் துடிப்பு மாறியிருந்தது. சீராக, ஒரே வேகத்தில், ஆழ்ந்து வேலை செய்கிறவர்களின் மூச்சு போல இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்குக் கம்பி மேலே எழுந்தது. டிரைவர் எழுந்தது. நான் படிக்க ஆரம்பித்தேன். முதல் பகுதியிலேயே முடிச்சு விழுந்தது. காளீஸ்வரியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வராந்தாவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏப்பம் வந்தது. எங்கிருந்தோ அட்சதை விழுந்தது.

"எட்டு முப்பத்தஞ்சு பஸ்," என்று காளீஸ்வரி சொன்னாள். அண்ணன் கையை ஒருமுறை பிடித்தாள், மதினியின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள், பையை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. சகாயம் தன் வண்டியில் அவளைப் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டார். பட்டுப்புடவை மாற்ற நேரமில்லை.

விருந்தாளிகள் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். சாதாரணமாகக் கார்டு அந்த இடத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. நிறுத்தும்படி யாரும் சொல்லாததால், நிம்மதியாக இருந்த அந்த ஒன்றரை நாளில் கார்டு மேற்கொண்டு எழுதிக்கொண்டே போயிருந்தது. வேல்ச்சாமியும் அமுதவல்லியும் வீட்டுக்குப் போக எழுந்தார்கள். என் மேசையைத் தாண்டுவதற்குள் அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. கதவை அடைவதற்குள் குழந்தைக்குப் பால் பல் விழுந்தது.

"நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன்.

அமுதவல்லி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"வேணாம்க்கா," என்றாள். "நல்லாத்தான் போகுது."

ஒன்பது மணிக்கு வந்த நல்லபெருமாள் சார், படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அவர்களுடைய பீரோவுக்கு இடம் விட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பெண்ணுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு டைபாய்டு வந்து தேறிய பகுதியை நான் வேகவேகமாகப் படித்து முடித்தேன். வேல்ச்சாமி ஒருமுறை கோபித்துக்கொண்டு மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தான். பதினோரு மணிவாக்கில் அவன் தலை நரைத்தது. சின்னச் சின்னச் சண்டைகளும் நிறையச் சிரிப்புமாக அது ஒரு நல்ல வாழ்க்கை. பன்னிரண்டுக்குக் கார்டு முடிந்தது. நான் முறைப்படி சொல்லிவிட்டு வெளியே எடுத்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் காளீஸ்வரி திரும்பி வந்தாள். அதே பட்டுப்புடவை, வாடிய மல்லிகை, கழுத்தில் புது அடையாள அட்டை. அவளுக்காகத்தான் அண்ணனும் மதினியும் செண்பகமும் வீட்டுக்குப் போகாமல் அறையில் காத்திருந்தார்கள்.

"சேத்துக்கிட்டாங்களா பாப்பா?" என்று வேல்ச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சேத்துக்கிட்டாங்கண்ணே. பத்துக்கு அஞ்சு நிமிசம் இருந்துச்சு."

"சாப்ட்டியா?" என்றார் அமுதவல்லி.

"கேன்டீன்ல சாப்ட்டேன் மதினி."

செண்பகத்துக்கு முப்பத்தெட்டு வயது. காளீஸ்வரிக்கு இருபத்தாறு. செண்பகம் எழுந்து தன் அத்தைக்கு நாற்காலியைக் கொடுத்தாள். கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்தாள். அத்தை அஞ்சு நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சோறு ஊட்டும்போதெல்லாம் அம்மா சொல்வாள் என்று என்னிடம் மத்தியானமே சொல்லியிருந்தாள். அத்தையின் வலது கையைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நீவிவிட்டாள். காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அது முடிந்ததும் செண்பகம் இடது கையை எடுத்துக்கொண்டாள்.