தம்பியைக் கிள்ளினது யாரு?

"தம்பியக் கிள்ளுனது யாரு?" என்று யார் கேட்டாலும் சிந்துஜா கையைத் தூக்கிவிடுவாள். "நாந்தான்" என்பாள். மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாடி வீட்டு அமுதவல்லி இதற்காகவே கையில் பிஸ்கட்டோடு இறங்கி வருவாள். கேள்வி, பதில், பிஸ்கட். போகும்போது, "உம் பொண்ணு பொய் சொல்லாது துர்கா, அந்த மட்டும் நல்லதுதான்" என்று ஒரு குத்து வேறு. அவள் படியேறி மறைகிற வரைக்கும் துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

துர்கா பிரசவத்துக்குப் போயிருந்த அம்மா வீட்டிலிருந்து தேங்காய்த்திட்டில் உள்ள புருஷன் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். அங்கே இருந்தவரை சின்னவன் செம்மலின் முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இங்கே வந்ததிலிருந்து கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். அவன் நகமாகவே இருக்கும் என்று தடுப்பூசி போட்ட நர்ஸ் சொன்னாள். துர்கா அவன் நகத்தை ஒட்ட வெட்டினாள். மறுநாளே இன்னொரு கோடு. அந்தச் சமயம் பார்த்துத்தானா சிந்துஜா தூளிக்குள் கையை விட்டுத் தம்பியின் காலைக் கிள்ளி மாட்டிக்கொள்ள வேண்டும்? கிள்ளியது ஒரே ஒரு தடவை, அதுவும் காலில். ஆனால் அன்றோடு விசாரணை முடிந்துவிட்டது. அதன் பிறகு முகத்தில் எந்தக் கோடு விழுந்தாலும் அது அவள் கணக்கில்தான்.

முதல் தடவை துர்காவேதான் அடித்தாள்.

"நீதான?" என்றாள். "இல்ல" என்றது பிள்ளை. அடி விழுந்தது. "நீதான?" "இல்லம்மா." மறுபடியும் விழுந்தது. ராத்திரியெல்லாம் பால் கொடுத்துத் தூக்கமில்லாத கை. அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் பிள்ளை விக்கிக்கொண்டே "நாந்தான்" என்றது. கை நின்றது. நின்றதோடு இல்லாமல் துர்கா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அந்த மடி சிந்துஜாவுக்குக் கிடைத்து வெகு நாளாகியிருந்தது. அடுத்த தடவை கேட்டபோது பிள்ளை சுற்றி வளைக்கவில்லை. "நாந்தான்" என்று உள்ளங்கையை நீட்டினாள். ஒரு அடி. பிறகு மடி. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. கற்றுக்கொடுத்தவளுக்குத்தான் அது பாடமென்று தெரியவில்லை.

ஜெயத்துக்கு இது போதாதா? ஜெயம் துர்காவின் நாத்தனார். கணவன் அருள்முருகனுக்கு மூத்தவள். முத்தியால்பேட்டையில் வீடு; அவள் புருஷன் சக்கரபாணி கீழே லேத் பட்டறை வைத்திருக்கிறார், மாடியில் குடித்தனம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், பிள்ளை இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, போகாத கோயில் இல்லை. பாவம்தான். ஆனால் பாவப்பட்டவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவும் இருந்துவிட வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? செம்மலுக்குக் கெட்டி வெள்ளியில் காப்பு செய்துகொண்டு வந்தவளும் அவள்தான். இவர்கள் வீட்டில் அது ஒரு முறை. பிள்ளை அப்பன் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை காப்பு போட வேண்டும். அதை மொட்டையடித்துக் காது குத்துகிற அன்றைக்குத்தான் கழற்றலாம், அதையும் அத்தைதான் கழற்ற வேண்டும். அன்றைக்குக் காப்பு பெரிதாக இருந்ததால், "லூசா கீது, வுழுந்துடும்" என்று ஜெயம் அதைத் தன் கையாலேயே நெருக்கி இறுக்கிப் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் வெள்ளியின் கனத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செம்மலின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு கிள்ளுது. நாளைக்கு தலகாணிய வச்சி அமுக்கும். அப்ப வந்து அய்யோ அம்மான்னு அழுவாத. நான் இட்டுக்கினு போறேன் இத."

"அண்ணி, எம் புள்ள அது. பாத்துப் பேசுங்க."

"உம் புள்ளன்னா வளக்கத் தெரியணும். ஒண்ணையே அடக்கத் தெரியல, அதுக்குள்ள இன்னொண்ணு. உன்னை யாரு கேட்டா?"

"உங்க தம்பியக் கேளுங்க."

அருள்முருகன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் விடியலுக்கு முன்பே வேலைக்குப் போகிறவன். சண்டை என்றால் குழம்பு ஊற்றிக்கொள்வான். அதுதான் அவன் பங்கு. அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்தான்.

"கொஞ்ச நாள் அக்கா வூட்ல இருக்கட்டும் துர்கா. உனக்கும் ரெஸ்ட்டு."

"எனக்கு ரெஸ்ட்டு வேணும்னா நீங்க ரெண்டு துணிய அலசிப் போடுங்க. புள்ளய ஏன் தள்றீங்க?"

"ஐஸ் தூக்கித் தூக்கி கை மரத்துப் போயி வரேன். நீ வூட்ல உக்காந்துக்கினு பேசுவ."

"உக்காந்துக்கினா? நானா?"

"பாத்தியா, பாத்தியா" என்றாள் ஜெயம். "இந்த வாயப் பாத்துதான் அதுவும் கத்துக்குது. எங்க வூட்டுக்காரரு எங்க தெரு ஸ்கூல்ல பேசிட்டாரு. ஜூன்ல எல்.கே.ஜி. சேத்துடலாம். ஆதார் கார்ட எடுத்துக் குடு."

துர்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நாள் என்பது வேறு, பள்ளிக்கூடம் என்பது வேறு. அங்கே சேர்த்துவிட்டால் பிள்ளை அங்கேதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுக் கவுனோடு விருந்தாளியாக வந்து, கதவோரம் நின்று தன்னை வேடிக்கை பார்க்கும். ஆதார் கார்டு அம்மா வீட்டில் இருக்கிறது என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். அதைத் தவிர அவளால் எதையும் தடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? அவளும் நம்பினாள். அதுதான் கேவலம். தலைகாணி என்று நாத்தனார் சொன்னபோது அவளுடைய கண்ணும் ஒரு நிமிஷம் தலைகாணிப் பக்கம்தான் போனது.

பிள்ளை ஆட்டோவில் ஏறும்போது அழவில்லை. "தம்பியக் கிள்ளுனேன்ல, அதான் அத்த வூட்டுக்குப் போறேன்" என்று அமுதவல்லியிடம் தானாகவே சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. துர்கா நிம்மதியாக ஒரு டம்ளர் காபி குடித்தாள். குடித்து முடித்ததும், எப்படி நிம்மதி வந்தது என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை காலை செம்மலைக் குளிப்பாட்டத் தூக்கியபோது, இடது கன்னத்தில் புதுக் கோடு. நேற்று இல்லாத கோடு. ஓரத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கிள்ளுகிறவள் என்று ஊரே முடிவு கட்டிய பிள்ளை முத்தியால்பேட்டையில் இருக்கிறது. அப்படியென்றால்?

அவனைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பசி வந்தது அவனுக்கு. சிணுங்கினான், காலை உதைத்தான், இரண்டு கையையும் முஷ்டி பிடித்து முகத்தில் தேய்த்தான். தேய்த்த வேகத்தில் வீறிட்டான். கையை விலக்கினால் கன்னத்தில் அதே இடத்தில் இன்னொரு கோடு. காப்பைத் திருப்பிப் பார்த்தாள். நெருக்கி இறுக்கியதில் அதன் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்தாள். தகரம் கிழிப்பது போலக் கிழித்தது.

துர்கா வாய்விட்டு அழுதாள். பால் கேட்டு அழுகிற பிள்ளையையும் விட்டுவிட்டு அழுதாள். எத்தனை அடி! இல்லை இல்லை என்று எத்தனை தடவை சொன்னாள் அந்தக் குழந்தை! பொய் சொல்கிற வரைக்கும் அடித்தோமே என்று நெஞ்சிலேயே குத்திக்கொண்டாள்.

பிறகு கோபம் வந்தது. வந்தபிறகுதான் அவளுக்குக் கை கால் ஓடியது. அருள்முருகனுக்கு ஃபோன் போட்டாள்.

"காப்பு கிழிச்சிருக்குதுங்க. அண்ணி போட்ட காப்பு. சிந்து இல்ல. ஒரு நாளும் அவ இல்ல."

இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவன் குரலை உயர்த்திச் சொன்னான். "அக்கா கிட்ட சொல்லி வந்து கழட்டச் சொல்றேன். நீ எதுவும் கை வைக்காத. அப்புறம் அது வேற பிரச்சனையாவும்."

"பிரச்சனையாவட்டும்" என்று வைத்துவிட்டாள்.

காப்பு கழலவில்லை. பிள்ளையின் மணிக்கட்டு சதை போட்டு, காப்பு உள்ளே பதிந்திருந்தது. அருள்முருகனின் டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். காப்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு துணியைச் செருகி, நறுக்கென்று வெட்டினாள். குலதெய்வம் எதுவும் வந்து கண்ணைக் குத்தவில்லை. வெட்டின காப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஆட்டோ பிடித்தாள். அஜந்தா சிக்னலில் நின்றபோது ஆட்டோக்காரர், "பாப்பா மூஞ்சில என்னாம்மா?" என்றார். "பாசம்" என்றாள் துர்கா.

மணிக்கூண்டு தாண்டி, பட்டறையைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். ஜெயம் கதவைத் திறந்தாள். முதலில் அவள் கண் போனது செம்மலின் வெறும் கைக்குத்தான்.

"காப்பு எங்கடி?"

துர்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் போட்டாள். இரண்டு துண்டு.

"யாரக் கேட்டு வெட்டின? எங்க வூட்டு முறைன்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா உனக்கு? வயித்தெரிச்சல் புடிச்சவளே! நான் போட்டதுன்றதால தான வெட்டின?"

துர்கா ஒரு துண்டை எடுத்து, ஜெயத்தின் கையைப் பிடித்து, நீட்டிக்கொண்டிருந்த முனையால் அவள் மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஜெயம் "ஆ" என்று கையை உதறினாள். சிவப்பாக ஒரு கோடு எழுந்தது. செம்மலின் கன்னத்தில் இருந்ததும் அச்சாக அதேதான்.

"பாத்துக்குங்க அண்ணி. இதான் எம் பொண்ணு கிள்ளுன லட்சணம். பையக் கட்டிக் குடுங்க. நான் இட்டுக்கினு போறேன்."

ஜெயத்தின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பிறவி இல்லை அவள்.

"ஒரு தடவ பட்டிருக்கும். அதுக்காக மத்ததெல்லாம் அது செய்யலன்னு ஆயிடுமா? நான் கெட்டவ, நான் போட்ட காப்பு கெட்டது, உம் பொண்ணு மட்டும் சாமியா? அதுவே ஒத்துக்கிச்சு! ஊருக்கே சொல்லுது! இரு, உன் முன்னாலயே கேக்கறேன்." உள்ளே திரும்பிக் கத்தினாள். "சிந்து! இங்க வாடி!"

சிந்துஜா வந்தாள். புதுக் கவுன், இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடை, கையில் புது பொம்மை. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவர ஒரு அடி எடுத்து வைத்தவள், அத்தையின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சொல்லுடி. தம்பியக் கிள்ளுனது யாரு?"

பிள்ளை தம்பியின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். இடது கன்னத்துக் கோட்டைப் பார்த்தாள். இன்று காலையில் விழுந்த கோடு. இவள் இங்கே இட்லி தின்றுகொண்டிருந்தபோது விழுந்த கோடு. பொம்மையைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து அம்மாவிடம் நீட்டினாள்.

"நாந்தான்."

ஜெயம் தன் மணிக்கட்டுக் கோட்டை முந்தானையால் மூடினாள்.

அடி விழாததால் பிள்ளைக்குக் குழப்பம். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். அம்மாவுக்கு மறந்துவிட்டது போலும் என்று நினைத்திருப்பாள். பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"நாந்தாம்மா கிள்ளுனேன். அடிச்சிட்டுத் தூக்கும்மா."

துர்கா செம்மலை ஜெயத்தின் கையில் திணித்தாள். அவளுக்கு இப்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது.