மீதியோடு ஒன்று

தெருமுனை வரை வந்துவிட்டு அவர் மறுபடியும் நின்றார். "வீட்டைப் பூட்டினேனா?"

"பூட்டினீங்க. நான்தான் பக்கத்துலயே நின்னேனே," என்றாள் மனைவி.

தலையாட்டினார், கால் நகரவில்லை. கடைசியில் இருவரும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். கல் மாதிரி தொங்கியது. அதற்கப்புறம் காய் வாங்கப் போக அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அலுவலகத்தில் இந்த மனுஷனுக்குக் கணக்குப்புலி என்று பெயர். அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு அசெம்பிளர் என்கிற இயந்திர மொழியில் ப்ரோக்ராம் எழுதும் வேலை. புருஷன் பெண்சாதி இருவரும் ஒரே பிரிவு, அடுத்தடுத்த மேஜை. ஊரில் மின் இணைப்பு வைத்திருக்கிற அத்தனை பேரின் விவரமும் டிஸ்கில் இருந்தது. டிஸ்கில் வட்டம் வட்டமாகத் தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் பன்னிரண்டு பேருக்கு இடம். ஒருவரின் விவரம் எங்கே என்று கண்டுபிடிக்க அவருடைய வரிசை எண்ணைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். ஈவு தடத்தைச் சொல்லும், மீதி இடத்தைச் சொல்லும். ஆனால் பாருங்கள், தடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற அந்த இயந்திரம், ஆட்களின் இடங்களை மட்டும் ஒன்றிலிருந்து எண்ணும். பூஜ்யமாவது இடம் தடத்துக்கே சொந்தம். அதில் கைவைத்தால் தடமே பாழ். அதனால் மீதியோடு ஒன்றைக் கூட்டியே ஆக வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை அதை விட்டுவிட்டபோது, "வீட்டுக்காரனை மறந்தாலும் மற, அந்த ஒண்ணை மறந்துடாதே," என்று ஆபீசே சிரிக்க வாரியவர் அவர்.

பக்கவாதம் வந்து, பிழைத்து, வேலைக்குத் திரும்பியபோது அவர் மறந்தது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இருந்தது, கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவே. பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். "அவர் எழுதறதை நீங்க ஒரு பார்வை பாத்துட்டு அனுப்புங்கம்மா," என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் ப்ரோக்ராமிலேயே கூட்டலைக் காணோம். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். பென்சிலை எடுத்து, வகுத்தலுக்குக் கீழே அவர் கையெழுத்து மாதிரியே அந்த ஒரு வரியை எழுதி, இயந்திரம் படிப்பதற்காக அதை அட்டையில் துளைகளாகக் குத்துகிறவர்களிடம் கொடுத்துவிட்டாள். அடுத்ததிலும் காணோம். அதற்கடுத்ததிலும். போகப்போக அவள் படிப்பதையே விட்டுவிட்டாள். வகுத்தல் எங்கே என்று தேடுவாள், கீழே வரியைச் சேர்ப்பாள், முடிந்தது. "புலி திரும்பி வந்துடுச்சு!" என்று தலைவர் அவர் தோளில் தட்டினார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்புக்காக அவள் இன்னும் ஆயிரம் வரி எழுதியிருப்பாள்.

போன வாரத்து ப்ரோக்ராமில் வகுத்தல் தாளின் அடியில் போய் முடிந்திருந்தது. விளிம்பில் இடம் பார்த்து வரியை நெருக்கி எழுதினாள். அடுத்த தாளின் முதல் வரியில் அவரே ஒன்றைக் கூட்டியிருந்தார். பாவி, அந்த ஒரு தாளைப் புரட்டியிருக்கக் கூடாதா!

ஒவ்வொருவர் விவரமும் அடுத்தவர் இடத்தில் போய் உட்கார்ந்தது. தடத்தின் கடைசி ஆளுக்கு இடமே இல்லாமல் இயந்திரம் நின்றது. டேப்பில் இருந்த நகலை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள். தலைவர் அச்சடித்த ப்ரோக்ராமை விரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு கூட்டல் வரிகளைத் தொட்டுக் காட்டினார். "எழுதினதை மறந்து மறுபடி எழுதிட்டீங்க போல. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க சார்," என்றார், நோகாமல். பக்கத்தில் நின்ற அவள் எல்லாவற்றையும் மென்று முழுங்கினாள்.

"ஒரு தடவை எழுதினது நல்லா ஞாபகம் இருக்கு," என்றார் அவர், பஸ்ஸில். "ஆனா ரெண்டு இருக்கே." அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான். பூட்டு, குழாய், மாத்திரை, எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டார்.

இப்போது அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சொன்னால் இத்தனை மாதத்துச் சிரிப்பும் போய்விடும். சொல்லாவிட்டால் மனுஷனே போய்விடுவார்.

"அந்த ரெண்டுல முதல் வரி உங்களுது இல்லைங்க. நான் எழுதினது."

"நீ எதுக்கு எழுதினே?"

"நீங்க எழுதியிருக்க மாட்டீங்கன்னு நெனச்சு."

"அப்போ முன்னாடி எழுதினதுல?"

"எல்லாத்துலயும்."

"அப்போ தலைவர் தட்டினது உன் தோளைத்தான்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "ஆனா இந்தத் தடவை நானே எழுதினேன்?"

"நீங்களே எழுதினீங்க. சரியா எழுதினீங்க."

"நீ உக்காரு. டீ போடறேன்," என்று எழுந்து போனார்.

அடுக்களைச் சத்தங்களை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றியது. பால் பொங்குவதற்குள் அணைந்தது. ஒன்றுக்கும் அவளைக் கூப்பிடவில்லை. சர்க்கரை டப்பா திறந்தது, கரண்டி டம்ளரில் கலகலத்தது, டப்பா மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டப்பா மறுபடி திறந்தது. அவள் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள். தித்திப்பு நாக்கில் ஒட்டியது.

"சரியா இருக்கா?"

அவள் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. எதிரே நின்றபடி அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.