கம்ப்ரஸர்

பின்கட்டில் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் நிற்பதும் கேட்பதுமாக இருந்தது. முன்னறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்க, அவர் மனைவியின் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்தது. அது அவருடைய ஃபோன். விடியற்காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபோது டாக்டரைக் கூப்பிட எடுத்தவள், அதன்பிறகு யார் கையிலும் அதைக் கொடுக்கவில்லை.

"யாருக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த தங்கை, உதட்டை அசைக்காமல்.

"வேற யாரு? அந்தக் கம்ப்ரஸர்தான். காலையில மெசேஜ், இப்ப ஃபோன்."

தங்கைக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் ஏசி மெக்கானிக். அவர் ஃபோனில் மனிதர்கள் பாதிப் பேர் வேலையின் பெயரில்தான் குடியிருந்தார்கள். 'மூணாம் மாடி காஸ்', 'தண்ணி ஒழுகுற வக்கீல்' என்று. அதனால் 'கம்ப்ரஸர்' என்ற பெயரை இவள் ஆரம்பத்தில் சட்டை செய்யவில்லை. ஆனால் எந்த ஊர் கம்ப்ரஸர் வாரத்துக்கு மூன்று தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்? அதுவும் பெண் குரலில்? அதுவும் அரபியில்?

அரபிதான் இவள் சந்தேகத்தைக் கிளறியது. கல்யாணமான கையோடு அரபு நாட்டுக்குப் போனவர், பதினோரு வருஷம் அங்கே குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். திரும்பி வந்து பத்தொன்பது வருஷமாகிறது. தெருவில் அவருக்கு 'அரபி பாய்' என்றே பெயர். யாராவது ஒரு துஆவை, அரபிப் பிரார்த்தனையைக் காட்டி அர்த்தம் கேட்டால் போதும், கண்ணை மூடி, தாடியைத் தடவி, அருவி மாதிரிக் கொட்டுவார். இவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. அதே அரபி இப்போது கழுத்தை அறுத்தது. பதினோரு வருஷம் தனியாக இருந்த ஆம்பளை, அங்கத்திய பாஷை பேசுகிற ஒரு பொம்பளை. இதற்கு மேல் ஒருத்தி என்ன சாட்சி கேட்பாள்?

சாட்சி இன்னும் ஒன்று இருந்தது. அதைத் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. ஃபோனின் பூட்டு 'ட' வடிவத்தில் ஒரு கோடு. அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள். போன வாரம் திறந்து கேட்டபோது, அந்தப் பெண் பேசப் பேச, பின்னால் ஒரு குழந்தை அழுதது. இவர்களுக்குக் குழந்தை கிடையாது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "ஏன் சாப்பிடல?" என்று அவர் கேட்டதற்கு, "பல்லு வலி" என்றாள். மனுஷன் உடனே எழுந்து போய் கிராம்பு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். நடிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

திரைச்சீலைக்கு வெளியே அவர் தம்பியின் குரல் கேட்டது.

"அண்ணி, கஃபன் துணி போட்டாச்சுன்னா அஸர் தொழுகைக்கு முன்னாடி தூக்கணும். நேரமில்ல. நீங்க ஒரு வார்த்தை, அண்ணனை மன்னிச்சேன்னு சொல்லிடுங்க. மத்தவங்க எல்லாரும் சொல்லியாச்சு."

"சொல்றேன். இருங்க."

"சொல்றேன்னா, இப்பவே..."

"சொல்றேன்னு சொன்னேன்ல?"

உள்ளே ஓதிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். கட்டிய மனைவி மன்னித்தேன் என்று சொல்லாமல் போனால் மண்ணுக்குள் அவருக்கு நெருக்கடி என்று இவள் நம்பினாள். மனசில் இல்லாமல் வாயால் சொன்னால் அந்த நெருக்கடி தனக்கு என்றும் நம்பினாள். முப்பது வருஷ வாழ்க்கைக்கு ஒரே ஒரு வார்த்தை பாக்கி.

எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவை ஒட்டிச் சாத்தினாள். தங்கையும் பின்னாலேயே வந்தாள்.

"இப்பப் போய் அதைத் திறக்கணுமாக்கா? ஆளே போயாச்சு. விட்டுத் தொலையேன்."

"நீ விடுவியா உன் புருஷனை?"

கேட்டுக்கொண்டே 'ட' கோடு போட்டு ஃபோனைத் திறந்தாள்.

காலையில் வந்திருந்த மெசேஜை அமுக்கினாள். காதோடு வைத்துக் கேட்கத்தான் நினைத்தாள். விரல் தவறி எதையோ தொட்டுவிட, குரல் ஒலிபெருக்கி மாதிரி வீடு முழுக்கக் கேட்டது. தெளிவான, நிதானமான, இழுத்து இழுத்துப் பேசுகிற பெண் குரல். அரபி. இவள் பதறிப்போய் பொத்தானைத் தேடினாள், அகப்படவில்லை. அடுத்த அறையில் ஓதல் நின்றது. கதவிடுக்கில் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையேந்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். குரல் முடிந்ததும் மூத்தவர் ஒருவர் உருக்கமாக, "ஆமீன்" என்றார். எல்லாரும் "ஆமீன், ஆமீன்" என்றார்கள். ஒருத்திக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எவ்வளவு நல்ல துஆ! யார் ஓதினது?"

"மக்கா ஆளு போல."

தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என் சக்களத்திக்கு என் வீட்டிலேயே உட்கார்ந்து ஆமீன் சொல்றாங்களே, அல்லாவே, என்று இருந்தது. வீடு நிறைய முஸ்லிம்கள். எல்லாரும் அஞ்சு வேளை அரபியில் ஓதுகிறவர்கள். அரை நிமிஷப் பேச்சுக்கு அர்த்தம் சொல்ல ஒரு ஆள் இல்லை. புரிந்திருக்கக்கூடிய ஒரே மனிதர் பின்கட்டில் பலகையில் கிடக்கிறார்.

"வேணும்னா பள்ளி ஹஜ்ரத்துக்கிட்ட..." என்று இழுத்தாள் தங்கை.

"கேளு. கேட்டுட்டு அப்படியே பள்ளிவாசல் மைக்லயும் போட்டுரச் சொல்லு."

அப்போதுதான் ஃபோன் அடித்தது. கம்ப்ரஸர்.

இவள் எடுத்தாள். ஸலாம் சொன்ன குரல், தொடர்ந்து கடகடவென்று அரபியில் ஏதோ கேட்டது.

"தமிழ் தெரியுமா? தெரிஞ்சா தமிழ்ல பேசு."

அந்தப் பக்கம் திகைத்தது. பிறகு சர்வசாதாரணமான தமிழில், "சார் இல்லீங்களா?" என்றது.

"இருக்கார். குளியல் நடக்குது." பொய் சொல்லவில்லை. எலிப்பொறியைத் திறந்து வைத்தவள் போலக் காத்து நின்றாள்.

"சரிங்க. முடிஞ்சதும் ஹோம்வொர்க் அனுப்பச் சொல்லுங்க. நேத்தே அனுப்ப வேண்டியது. சாரு இப்படித் தள்ளிப்போட மாட்டாரே."

"என்ன ஒர்க்?"

"நீங்க யாருங்க?"

"அவர் சம்சாரம்."

பின்னால் அதே குழந்தை சிணுங்கியது. "ஷ்ஷ்" என்று தட்டிக்கொடுக்கும் சத்தம்.

"அப்போ சார் உங்ககிட்ட சொல்லிட்டாரா? அல்ஹம்துலில்லாஹ். எத்தனை மாசமா சொல்றேன் சொல்றேன்னு..."

"எங்கிட்ட எதைச் சொல்லணும்? முதல்ல அந்தக் குழந்தை யாரோடது?"

"என்னோடதுங்க. ஏங்க? ரெண்டாவது பையன். பல்லு முளைக்குது, பாடம் எடுக்க விடமாட்டேங்கிறான்." அவள் கொஞ்சம் மிரண்டு போயிருந்தாள். "நான் அரபி டீச்சர். வீட்ல இருந்தே எடுக்கிறேன். சார் ரெண்டு வருஷமா எங்கிட்டப் படிக்கிறார்."

"அவருக்கு எதுக்கு அரபி டீச்சர்? பதினோரு வருஷம் அங்க இருந்தவர் அவர்."

"அதாங்க..." என்றவள் நிறுத்தினாள். "சாரே சொல்லட்டுமே. குளிச்சிட்டு வந்ததும்..."

"அவர் மவுத்தாயிட்டார்," என்றாள் இவள். காலையிலிருந்து இந்த வார்த்தையை இவள் வாய் சொல்லவில்லை. இப்போது ஒரு முன்பின் தெரியாதவளிடம் சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "விடியற்காலையில. குளிப்பாட்டிட்டு இருக்காங்க. இனிமே அவர் சொல்லமாட்டார். நீதான் சொல்லணும். சீக்கிரம் சொல்லு, தூக்கப் போறாங்க."

அந்தப் பெண் அழுதாள். கள்ளத்தனம் இல்லாத அழுகை. அதை இவளால் கண்டுபிடிக்க முடியும். அழுதுகொண்டே சொன்னாள். கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நம்ம ஆட்களாம். பதினோரு வருஷத்தில் அவருக்குத் தெரிந்த அரபி பத்து வார்த்தை, அதில் மூன்று திட்டு வார்த்தை. திரும்பி வந்ததும் தெரு அவரை அரபி பாய் ஆக்கிவிட்டது. தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன்பிறகு சொல்ல முடியவில்லை.

"முதல் க்ளாஸ்ல, 'டீச்சர், எனக்குத் தெரியாதுங்கிறது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், காப்பாத்துங்க'ன்னார். தொண்டை எழுத்து வரவே இல்லை அவருக்கு. குளியலறையில நின்னு தினமும் பழகுவாராம்."

இவள் கண் முன்னால் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அவர் காறுவதும் கமறுவதும். பயந்துபோய் தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாளே! டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை தங்கமா இருக்கு" என்றார். மனுஷன் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

"ஒருநாள் ஃபோன் பண்ணி அழுதார். தொழுகையில ஓதினப்போ ஒரு வரி தானாப் புரிஞ்சுதாம். நாப்பது வருஷமா நின்னுட்டு இருக்கேன் டீச்சர், இன்னிக்குத்தான் என்னைப் பார்த்துப் பேசின மாதிரி இருந்துச்சுன்னார்."

அந்த நாளும் தெரியும். கண் சிவந்து வந்தார். அந்தக் கம்ப்ரஸரோடு ஏதோ சண்டை போலிருக்கிறது என்று கணக்குப் போட்டு, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, இரண்டு முட்டை கூடப் பொரித்தாள்.

"எங்கிட்ட ஏன் மறைச்சார்? ஊருக்குச் சரி. எனக்கென்ன?"

"உங்களுக்குத்தாங்க ரொம்பப் பயந்தார். அந்தச் சீட்டு..."

"எந்தச் சீட்டு?" என்று கேட்கும்போதே இவள் கண், எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடிக்குப் போனது.

அவர் திரும்பி வந்த வருஷம், காலண்டரிலிருந்து கிழிந்த ஒரு துண்டு இவளுக்குக் கிடைத்தது. அரபி துஆ, தமிழ் எழுத்தில். மேலே தலைப்பும் கீழே அர்த்தமும் கிழிந்து போயிருந்தன. அவரிடம்தான் காட்டினாள். கண்ணை மூடினார், தாடியைத் தடவினார். "புருஷனுக்கு நீண்ட ஆயுசைக் கொடுன்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மூன்று தடவை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் விட்டதில்லை. தொழுகைக்கு முசல்லா விரிக்கிற இடத்துக்கு மேலே சுவரில் இருந்த அந்தச் சீட்டை ஆறு மாதம் முன்பு அவர் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். இவள் கத்தினாள். மினுக்கிக்கொண்டு நிற்கிற இடத்திலா ஒட்டுவது என்று நகத்தால் சுரண்டினாள். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. "இருக்கட்டும். அங்க நின்னு ஓதேன்," என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"அது கண்ணாடி பார்க்கும்போது ஓதுறதுங்க," என்றாள் டீச்சர் மெதுவாக. "என் உருவத்தை அழகாக்கின மாதிரி என் குணத்தையும் அழகாக்குன்னு."

தங்கை கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பது வருஷம்," என்றாள் இவள். "அப்போ அவருக்கு ஆயுசே கேக்கலையா நான்?"

"சாரும் இதைத்தான் கேட்டார். தெரியாமக் கேட்டா போய்ச் சேருமா டீச்சர்னு. சேரும்னு சொன்னேன். ஹோம்வொர்க்கா வாரா வாரம் வீட்டைப் பத்தி அஞ்சு வரி பேசி அனுப்பணும். அவருக்குத் தெரிஞ்சதே சின்னச் சின்ன வார்த்தைங்கதான். இது என் வீடு. என் மனைவி எனக்காகக் கேட்கிறாள். நான் அவளிடம் பொய் சொன்னேன். அவள் நல்லவள். கடைசி வரி மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒண்ணேதான். நாளைக்குச் சொல்லிவிடுவேன்."

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி!"

"வரேன்." ஃபோனை இன்னொரு தடவை காதில் வைத்தாள். "காலையில அனுப்பினியே, அதுல என்ன சொன்ன?"

"பாடம்தாங்க. ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது. பால் எங்கே? பாலைப் பூனை குடித்துவிட்டது."

இவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தங்கைக்குத் தெரியவில்லை; கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னறையில் அவரை வெள்ளையில் சுற்றி வைத்திருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. தாடியில் இன்னும் ஈரம். ஆண்கள் திரைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். எல்லாரும் இவள் வாயையே எதிர்பார்த்திருப்பது அந்த அமைதியில் தெரிந்தது. இவள் குனிந்து அவர் காதருகே போனாள்.

"கம்ப்ரஸராம், கம்ப்ரஸர்," என்றாள், அவருக்கு மட்டும். "எங்கிட்டச் சொன்னா தின்னுடுவேனா உங்களை?"

பிறகு நிமிர்ந்து, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி, "மன்னிச்சேன். எல்லாத்தையும் மன்னிச்சேன்," என்றாள். "அவரும் என்னை மன்னிக்கணும்."

"அவர் உங்களை என்னத்துக்கு அண்ணி..." என்றார் தம்பி வெளியிலிருந்து.

"அது எங்களுக்குள்ள."

தூக்கினார்கள். வாசலில் செருப்புகள் புரண்டன. கலிமா சொல்லும் குரல் தெருவில் இறங்கித் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பக்கத்து வீட்டு ஏசியின் இரைச்சலில் கரைந்தது. அது அவர் மாட்டிக்கொடுத்த ஏசி.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இவள் முகம் கைகால் கழுவி ஒளூ செய்துவந்து அஸர் தொழுதாள். தொழுது முடித்ததும், வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காமல், எழுந்து அலமாரி முன்னால் போய் நின்றாள். கண்ணாடியில் வீங்கிய கண்ணும் நரை தெரியும் முக்காடுமாக ஒருத்தி நின்றாள். சீட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்து, எழுத்தெழுத்தாக, மூன்று தடவை ஓதினாள்.

சீட்டின் ஓரம் பிரிந்திருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தி, ஒட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.