பெண்கள் பக்கம்

பேருந்து நிலையத்துப் பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் மொட்டை. பன்னிரண்டு வயது இருக்கும். தலையில் முடி வளர விடுவதே இல்லை. முடிவெட்டும் கடையைக் கூட்டிப் பெருக்கினால் கடைக்காரர் சும்மாவே மழித்துவிடுவார். சட்டை, அரைக்கால் சட்டை, கரகரத்த குரல், போதாததற்கு வாய் நிறையக் கெட்ட வார்த்தை. அவள் பெண் என்று தம்பியைத் தவிர ஒருவனுக்கும் தெரியாது. அந்தப் பொடியனிடம், மறந்துகூட அக்கா என்று கூப்பிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

காரணம் இருந்தது. நடைமேடையில் படுக்கும் பெண்பிள்ளைகளைத் தேடி எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பையன்களின் வரிசையில் நடுவே படுத்தால் எவனும் கிட்டே வரமாட்டான். அநாதை விடுதிக்காரர்கள் பிடித்தாலும் ஆண்பிள்ளைகள் என்று இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். பெண் என்று தெரிந்தால் அவள் ஓர் ஊர், தம்பி ஓர் ஊர்.

அன்று காலை எழுந்தபோது அரைக்கால் சட்டையில் ரத்தம். வயிற்றை முறுக்கியது. இது என்னவென்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. கழிவறைக்கு ஓடினாள். ஆண்கள் பக்கம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, எப்போதும் தம்பிதான் காவல் நிற்பான். அன்று குழாயில் தண்ணீரும் இல்லை. வேறு வழியில்லாமல் பெண்கள் பக்கம் நுழைந்துவிட்டாள்.

வாசலில் காசு வாங்க உட்காரும் சாவிக்காரம்மா அந்த மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டாள். காலரைப் பிடித்து வெளியே இழுத்து வந்து ஊரைக் கூட்டினாள்.

"பொம்பளைங்க வர்ற எடத்துல ஒனக்கு என்னடா வேல?"

வேடிக்கை பார்ப்பதென்றால் யாருக்கும் பேருந்து தவறிப்போவதில்லை. ஒருத்தி காதைத் திருகினாள். இன்னொருத்தி, முளைத்து மூன்று இலை விடவில்லை என்று சொல்லிச் சொல்லிச் செருப்பால் அடித்தாள். பெண் என்று மொட்டை ஒரு வார்த்தை சொன்னால் அடி நின்றுவிடும். ஆனால் அவளோடு படுக்கும் பையன்கள் அத்தனை பேரும் முன்னால் நின்றிருந்தார்கள். எட்டிப் பார்க்கிற பொறுக்கி என்றே நினைத்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சட்டை மேலேறாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

தம்பியால்தான் பொறுக்க முடியவில்லை. கால்களுக்கிடையே புகுந்து வந்து சாவிக்காரம்மாவைக் கட்டிக்கொண்டான்.

"அடிக்காதீங்க. அது எங்க அக்கா. அக்காவுக்கு ரத்தம் வருது."

எல்லார் பார்வையும் ஒரே சமயத்தில் கீழே இறங்கியது. அடித்தவள் செருப்பைக் காலில் மாட்டத் தெரியாமல் தடுமாறினாள். சாவிக்காரம்மா கூட்டத்தை வைது விரட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் துவைத்த துணியும் கொண்டுவந்து வைத்தாள். துணியை மடிக்கும் விதத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கழுவி முடித்து வெளியே வந்தபோது பையன்கள் போகாமல் நின்றிருந்தார்கள். நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் இப்போது தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். செருப்படிக்குக் கூசாத உடம்பு அப்போது கூசியது. இனி இவர்கள் நடுவே படுக்க முடியாது.

காப்பாற்றிவிட்ட பெருமையோடு தம்பி ஓடிவந்தான். அவள் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அவன் அழவில்லை. ஏன் அடித்தாய் என்றும் கேட்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பையன்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

"தெரியாமச் சொல்லிட்டேண்ணா."

அறைந்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.