நரகத்துக்கு உபயம்

எங்கள் கோயில் தலைவர் வீரசிங்கம் ஐயாவுக்கு நரகத்தின் மேல் ஆசை வந்தது, ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு சீனக் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான். அங்கே சுவர் முழுக்க நரகம் தீட்டியிருந்ததாம். நாக்கை இழுத்து அறுப்பது, ரம்பத்தால் பிளப்பது என்று ஒரு குறையும் இல்லையாம்.

"அவையின்ர நரகத்துக்கு எங்கட நரகம் குறைஞ்சதே?" என்று கமிட்டிக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார். "இளசுகள் சாமிக்கு முன்னால நிண்டு போன் பாக்குதுகள். பயம் வேணும் பிள்ளை, பயம்!"

யாழ்ப்பாணத்து வம்சம். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையைத் தட்டிவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். நான் கோயில் செயலாளர். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துவதால் எல்லாருக்கும் டீச்சர். எழுதுகிற வேலை, ஓடுகிற வேலை, திட்டு வாங்குகிற வேலை எல்லாம் என் தலையில்.

மலேசியாவில், அதுவும் எங்கள் கிள்ளானில், உபயம் இல்லாமல் ஒரு கோயிலும் நடக்காது. எங்கள் கோயிலில் மின்விசிறி இறக்கையில் பெயர் இருக்கிறது. சுற்றும்போது படிக்க முடியவில்லை என்று அந்த உபயக்காரர் ஒருநாள் விசிறியை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். கீழே நின்ற நாங்கள் வெந்தோம். செருப்பு அலமாரியில் பெயர், கை கழுவும் குழாய்க்கு மேலே பெயர். ஆகவே நரகத்துக்கும் உபயம் என்று முடிவானபோது யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

மண்டபச் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். கட்டத்துக்கு ஒரு தண்டனை, கீழே உபயக்காரர் பெயர். சுவர் வெறுமையாக இருந்தபோதே ஆட்கள் முண்டியடித்தார்கள். எந்தக் கட்டத்தில் எந்தத் தண்டனை வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலிலிருந்து தெரியுமா, கண் மட்டத்தில் வருமா என்பதுதான் கேள்வி. நடுவில் இருந்த பெரிய கட்டத்தைத் தலைவர் தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டார்.

தூண் மறைக்கிற மூலைக் கட்டம் மட்டும் யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது. அதைக் கேட்டு வந்தவள் அஞ்சம்மாள்.

அஞ்சம்மாள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். அவள் புருஷன் செல்வகுமார் லோரி ஓட்டியவர், போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தண்ணி போடாத நேரத்தில் தங்கமான மனுஷன். அன்னதான அண்டாவைத் தனியாளாய்த் தூக்குவார். இறக்கி வைத்த கையோடு எங்காவது போய்க் குடித்துவிட்டு வருவார். ஒரு திருவிழாவில் அந்த நிலையில் மைக்கைப் பிடித்துத் தலைவரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார். அன்றோடு அவர் பெயர் கோயிலுக்கு ஆகாது என்றாகிவிட்டது. அஞ்சம்மாள் புருஷன் பேரில் விசிறி தருகிறேன் என்றாள். தலைவர் வேண்டாம் என்றார். விளக்கு என்றாள். அதுவும் வேண்டாம்.

"டீச்சர், அவருக்கு ஒரு கல்லறைகூட இல்ல. சாம்பல கடல்ல கரைச்சாச்சு" என்றாள் அஞ்சம்மாள். "மொத தெவசம் வருது. எங்கயாச்சும் ஒரு சுவத்துல அவரு பேரு இருக்கணும். நான் வந்து நின்னு பாக்கணும், அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அழுதாள். நான் நேரே தலைவரிடம் போய், அந்த மூலைக் கட்டத்தைக் கொடுக்காவிட்டால் இனிமேல் கூட்ட அறிக்கையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார்.

ஓவியர் முகுந்தன் கும்பகோணத்துக்காரர். வேலை பெர்மிட்டில் வந்து இங்கே கோயில் கோயிலாக வேலை செய்கிறவர். குருக்கள் புராணத்துத் தண்டனைகளைச் சொல்லச் சொல்ல, அவர் இடமிருந்து வலமாக அதே வரிசையில் வரைந்துகொண்டு போனார். பெயர்களையும் அவரே எழுதினார். வேலை முடியும்வரை சுவருக்குத் துணி கட்டியிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலையில், ஊரைக் கூட்டி, தேங்காய் உடைத்துத் துணியை இழுத்தோம்.

படங்கள் பிரமாதம். அதில் குறையே சொல்ல முடியாது. நடுக் கட்டத்தில் பெரிய கொப்பரை, அதில் எண்ணெய் தளதளவென்று கொதிக்கிறது, உள்ளே நாலைந்து பேர் கையைத் தூக்கிக் கதறுகிறார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'வீரசிங்கம் – பூமணி குடும்பத்தினர்'. அடுத்த கட்டத்தில் அட்டைகள் மொய்க்கும் குழியில் ஒருவன் புரள்கிறான். கீழே, 'தொழிலதிபர் தனேஷ்'. பொய் சொன்னவன் நாக்கைக் காக்கை கொத்துகிற இடத்தில் ஒரு வழக்கறிஞர் பெயர், வாங்கிய பட்டங்களோடு. உபயம் என்ற சொல்லை முகுந்தன் சுவரின் உச்சியில் ஒரே ஒரு தடவை அழகாக எழுதியிருந்தார். அவ்வளவு தூரம் யார் தலையை நிமிர்த்திப் பார்ப்பது?

முதலில் யாரோ இருமினார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. போனை ஒழிக்கத் தீட்டிய சுவரை ஊரே போனில் படம் பிடித்தது.

"நான் என்ன பாவம் செய்தனான்?" என்று தலைவரின் மனைவி பூமணி அம்மா அவர்மேல் பாய்ந்தார். "நீங்கள் வேணுமெண்டால் போய்க் கொதியுங்கோ. என்ர பேரை எடுங்கோ!"

"முகுந்தன், எல்லாப் பேரையும் அழியும். இப்பவே!" என்று தலைவர் கத்தினார்.

"நீங்க குடுத்தபடிதான் சார் எழுதினேன்" என்று முனகிக்கொண்டே முகுந்தன் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். உபயக்காரர்கள் வரிசையில் நின்று, தங்கள் பெயர் சுத்தமாக அழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பெயர் பெரிதாக வர வேண்டும் என்று என் உயிரை எடுத்த அதே ஆட்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு பேரையாவது அந்தக் கொப்பரையில் தள்ளியிருப்பேன்.

அப்போதுதான் மூலைக் கட்டத்தின் ஞாபகம் வந்து தூணைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு குடிகாரன். இரண்டு எமகிங்கரர்கள் அவனைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் கரண்டியால் உருக்கிய இரும்பை வாயில் ஊற்றப் போகிறான். கீழே, 'அமரர் செல்வகுமார்'.

இத்தனை கட்டம் இருக்க இதுதானா இவருக்கு வாய்க்க வேண்டும்? கடவுளுக்குக் கொஞ்சமும் இங்கிதம் கிடையாது. சன்னதி பக்கம் திரும்பி வாய்விட்டே சொன்னேன். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட வேண்டுமென்று முகுந்தனைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால், அஞ்சம்மாள் எனக்குப் பின்னால் நிற்கிறாள்.

படத்தைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அழிச்சிரலாம் அஞ்சம்மா. வேற எடத்துல எழுதச் சொல்றேன்" என்றேன்.

"வேற எடம் குடுப்பாங்களா டீச்சர்?"

குடுப்பாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்துக் கட்டத்தில் காக்கை அந்தப் பொய்யன் நாக்கைக் கொத்திக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

"அப்படின்னா இருக்கட்டும். குடிச்சாரு. இல்லன்னு நான் சொல்லல." சுவரை ஒட்டிப் போய் நின்றாள். "ஆனா தனியா இருக்காரே டீச்சர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முகுந்தனைப் பார்த்தாள். "அண்ணே, இதுல கொஞ்சம் எடம் இருக்குல்ல? என்னையும் வரைங்க."

முகுந்தன் பதறிப்போனார். "ஐயோ, நரகத்துலயாக்கா? மேல காலி எடம் இருக்கு. மேகம் போட்டு, சொர்க்கத்துலேர்ந்து பாக்குற மாதிரி வரைஞ்சு தரேன்."

"அங்க போயி நான் என்னா பண்ண, காத்து வாங்கவா? இவரு பக்கத்துல போடுங்க. ஒரு கையில சொம்பு நெறைய மோரு. இன்னொரு கையால அந்த ஊத்துறவன் கையப் புடிச்சிருக்கணும்."

"கிங்கரன் சும்மா விடுவானாக்கா?"

"ஒரு வேன் பிள்ளைங்கள தெனமும் அடக்குறேன். இவன அடக்க மாட்டேனா? அதெல்லாம் பாத்துக்கலாம் லா."

தலைவர் அங்கே வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது. ஆகமம், கமிட்டி என்று ஏதோ ஆரம்பித்தார். பூமணி அம்மா அவர் கையைப் பிடித்து, "பேசாமல் இருங்கோ" என்றார். அவர் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

திவசத்தன்று அஞ்சம்மாள் மோட்ச விளக்கு ஏற்ற வந்தாள். அத்தனை பெரிய சுவரில் அப்போது ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. முகுந்தன் அவளை வரைந்து முடித்திருந்தார். பச்சைச் சேலை, இடது கையில் சொம்பு, வலது கைப்பிடியில் கிங்கரனின் மணிக்கட்டு. அவன் பள்ளிக்குப் பிந்தி வந்த பையன் மாதிரி முழித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். அவள் அழவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தாள்.

"என்னண்ணே, என்னைய இவ்ளோ ஒல்லியா போட்டுட்டீங்க?" என்றாள். "அவருக்கு அடையாளம் தெரியாதே."

முகுந்தன் மறுபேச்சில்லாமல் பிரஷ்ஷை எடுத்தார்.